ஒன்பது முறை ஆடிய தலை

செப்டம்பர் இருபத்து நான்கு, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபது. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. காற்று அடியோடு நின்றுபோய், உப்பளத்து வெக்கை மட்டும் கல்யாண மண்டபத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. அந்த நேரத்தில்தான் எங்கள் வார்டு கவுன்சிலர் மேடையில் உறங்கினார் என்று ஊர் சொல்கிறது. உறங்கவில்லை என்று சத்தியம் செய்த ஒரே ஆள் நான். (சம்பளத்துக்குச் சொன்னவர்களைச் சேர்க்கவில்லை.)

நான் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுகிற வேலை. கரைக்காக நான் எண்ணுவேன், கப்பலுக்காக இன்னொருவர் எண்ணுவார். கிரேன் ஒவ்வொரு தூக்கு மூட்டையை இறக்கியதும் நான் எண்ணிக்கையைக் கத்த வேண்டும், அவர் தலையாட்ட வேண்டும். கிரேன் சத்தத்தில் அவர் வாய் திறந்து பயனில்லை. தலை ஆடிவிட்டால் அந்தக் கணக்கு முடிந்தது. பிறகு மூட்டை கடலில் விழுந்தாலும் அவர் மறுக்க முடியாது. முப்பத்து நான்கு வருடம் இப்படித் தலைகளை நம்பிப் பிழைத்தேன். வீட்டிலும் குழம்பில் கிடக்கும் உருளைக்கிழங்கை எண்ணிச் சொல்லிவிட்டு, மனைவி கிரேஸ் தலையாட்டிய பிறகுதான் சோற்றில் கை வைப்பேன்.

எங்கள் தெருக் கால்வாய் அடைத்துக் கிடந்தது. முந்தின வருட மழையில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். முட்டியில் அறுவை செய்திருந்த கிரேஸ் மூன்று நாள் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. சென்னையிலிருக்கும் மகன் போனில் தீர்ப்பே சொல்லிவிட்டான்: "இன்னொரு தடவ தண்ணி உள்ள வந்துச்சுன்னா அம்மைய நான் கூட்டிட்டு வந்துருவேன். நீங்க வாறதும் வராததும் உங்க இஷ்டம்."

ஆகவே ஐப்பசி மழைக்கு முன்னால் கால்வாயைத் தூர்வாரியாக வேண்டும். வார்டு கூட்டம் என்றதும் ஒன்பது கோரிக்கைகளை எழுதிக்கொண்டு, கிரேஸையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். மைக் என் கைக்கு வந்தது.

"ஒண்ணு. கால்வாயைத் தூர்வார வேண்டும்."

நிறுத்தி, நிமிர்ந்து பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த கவுன்சிலரின் தலை மெல்ல இறங்கி, சட்டென்று ஏறியது. டிக் அடித்தேன்.

"ரெண்டு. வாரிய மண்ணை அன்றைக்கே அள்ள வேண்டும்."

ஆடியது. மூன்றுக்கும் ஆடியது. நான்காவதுக்கு இரண்டு முறை ஆடியபோது, இப்படி ஒரு அக்கறையான மனுஷனுக்குப் போன தேர்தலில் ஓட்டுப் போடாமல் விட்டோமே என்று நெஞ்சு கனத்தது.

கிரேஸ் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, அவரு உறங்குதாரு."

"சும்மா இரு. ஆறு முடிஞ்சிருக்கு."

ஒன்பதாவதுக்கு இறங்கிய தலை ஏறவில்லை. தாடை மேஜை மைக்கில் போய் நின்றது. மண்டபத்தின் நாலு ஸ்பீக்கரிலும் குறட்டை. கூட்டம் விசிலடித்தது. நான் விடவில்லை. "அப்ப ஒம்பதும் சரிதானே, அண்ணாச்சி?" என்று உரக்கக் கேட்டேன். இன்னொரு குறட்டை வந்தது. அதற்கும் டிக் அடித்தேன்.

சாயங்காலத்துக்குள் வீடியோ ஊரெல்லாம் ஓடியது. எதிர்க்கட்சிக்காரர்கள் வார்டு அலுவலக வாசலில் பாயும் தலையணையும் போட்டுப் படுத்துப் போராடினார்கள். எங்கள் வரிப்பணத்தில் உறக்கமா என்று ஒரு பாதி ஊர் கொதித்தது. இந்தக் கிழவன் வாசித்தால் யார்தான் உறங்க மாட்டார்கள் என்று மறு பாதி சிரித்தது. பக்கத்து வீட்டு மளிகைக்கடை மாடசாமி, "என்ன அண்ணாச்சி, தாலாட்டு நல்லாப் பாடுதியளாமே?" என்றார். ஆனாலும் கோபத்தை வீணாக்கக் கூடாது என்று தெருக்காரர்களைத் திரட்டி, சனிக்கிழமை மறியலுக்கு ஏற்பாடு செய்தவரும் அவர்தான்.

வெள்ளிக்கிழமை ஒரு யூடியூப் சேனல்காரர் என் வாசலில் வந்து மைக்கை நீட்டினார். "சார், கவுன்சிலர் தூங்கினாரா, இல்லையா?"

மனசுக்குள் கணக்குப் போட்டேன். உறங்கினார் என்றால் ஒன்பது தலையாட்டலும் செல்லாது. கால்வாய் போச்சு. கால்வாய் போனால் கிரேஸும் போவாள்.

"உறங்கல. ஒம்பதுக்கும் தலையாட்டுனாரு. நான் சாட்சி."

"குறட்டை கேட்டுச்சே?"

"அது தொண்டைக் கரகரப்பு."

மறுநாள் காலை கட்சிக்காரர்கள் மேளத்தோடு வந்து எனக்குப் பொன்னாடை போர்த்தி, ஒரு டப்பா முந்திரி மக்ரூனும் தந்தார்கள். மனு கொடுத்தவரே மறுக்கிறார் என்று என் முகத்தைப் போட்டு ஊரெல்லாம் அனுப்பினார்கள். மறியலுக்கு வந்தவர்கள் கலைந்து போனார்கள். மாடசாமி படியேறி வந்தார். "எவ்வளவு வே வாங்குனீரு? தெரு மொத்தமும் நின்னு கத்தியிருந்தா தூர்வார மெஷினு வந்திருக்கும். ஒத்த ஆளா நின்னு கெடுத்துட்டீரே!" அன்றோடு அவருக்கு நான் அண்ணாச்சியாக இருந்தது முடிந்து வெறும் 'வே' ஆனேன்.

திங்கட்கிழமை கவுன்சிலர் தாமாகவே ஒரு வீடியோ போட்டார். கண்ணாடியைக் கழற்றியிருந்தார். "சளிக்கு மாத்திரை போட்டிருந்தேன். உறங்கிட்டேன். தப்புதான், மன்னிச்சுக்கிடுங்க." ஊர் உருகிப்போனது. கொதித்த பாதியே, மனுஷன் உண்மையைச் சொல்லிட்டாரே என்று மெச்சியது. 'வாய்மையே!' என்று சுவரொட்டி ஒட்டினார்கள். இந்த விவகாரத்தில் பொய் சொன்னதாக மிஞ்சியவன் நான் ஒருத்தன்தான்.

டிக் அடித்த தாளோடு அவர் அலுவலகத்துக்குப் போனேன். உதவியாளர் தாளை வாங்கக்கூட இல்லை. "அவரே உறங்கிட்டேன்னு சொல்லிட்டாரு அண்ணாச்சி. உறங்குதவரு தலையப் பாத்து கால்வாய் கேக்கியளே, நியாயமா?"

உள்ளே கவுன்சிலரைப் பார்த்தேன். "பாத்துக்கிடலாம், பாத்துக்கிடலாம்" என்றார். முழுக்க விழித்திருந்தார். தலை மட்டும் ஒரு முறைகூட ஆடவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. தண்ணீர் வாசல் வழியாக வருமுன் குளியலறை ஓட்டை வழியாகப் பொங்கியது. கைக்கு அகப்பட்ட பொன்னாடையைச் சுருட்டி ஓட்டையில் திணித்தேன். நல்ல கெட்டி ஜரிகை. ஒரு மணி நேரம் தாங்கியது.

மகன் காரோடு வந்தான். அவனும் மாடசாமியும் கிரேஸைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்க் காரில் வைத்தார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு வர எனக்கு மனமில்லை. தண்ணீரில் நின்றபடி ஜன்னலுக்குள் குனிந்து, "மழ நின்னதும் வந்துருவ, என்ன?" என்றேன்.

கிரேஸ் தலையாட்டினாள். பிறகு சொன்னாள்: "முழிச்சுக்கிட்டுதான் ஆட்டுதேன். நல்லாப் பாத்துக்கிடுங்க."

வண்டி ஓட்ட வேண்டிய மகன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான். மாடசாமியும் சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் எதற்கும் சும்மா தலையாட்டுவதில்லை. போனில் பேத்திகூட, "தாத்தா, முழிச்சிருக்கேன், சரி" என்றுதான் சொல்கிறாள்.

கிரேஸ் இன்னும் வரவில்லை. முட்டி சரியாகட்டும் என்கிறாள். அவள் வாயால் சொல்வதை நான் எண்ணுவதில்லை. தண்ணீர் இறைத்த மோட்டாருக்கு இரண்டாயிரத்து நானூறு. வாசல்படியை உயர்த்திய கொத்தனாருக்குப் பதினோராயிரத்து ஐந்நூறு. அவளைப் பார்க்க மூன்று தடவை சென்னைக்குப் போய்வந்த ரயிலுக்கு இரண்டாயிரத்து நானூற்றுத் தொண்ணூறு. அந்த ஒன்பது டிக்குக்கு இன்றைய தேதிவரை மொத்தம் பதினாறாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய்.