தீனதயாளன் சரிசெய்த கல்யாண வீடியோ

பாம்பு கடித்தால்கூட வைத்தியரைத் தேடி நாம்தான் ஓட வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டரில் ஒரு வீடியோ ஓடவில்லை என்றால் போதும், வைத்தியர் தானே வந்துவிடுவார். இந்த இனம் இல்லாத தெரு உண்டா, சொல்லுங்கள்! எந்த வீட்டு ஜன்னலிலிருந்தாவது “ஏன் ஓட மாட்டேங்குது?” என்று ஒரு குரல் கேட்டுவிட்டால், குடித்துக்கொண்டிருக்கும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு வந்து, நாற்காலியில் இருப்பவரை எழுப்பித் தான் உட்கார்ந்து, மவுஸை வேட்டியில் துடைத்து, திரையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சிலேயே பாதி நோய் தீர்ந்தது என்று நாம் நம்ப வேண்டும்.

கள்ளக்குறிச்சியில், அங்கன்வாடி டீச்சர் அமலோற்பவத்தின் வீட்டுக்கு அப்படி வந்தவர் எதிர்வீட்டுத் தீனதயாளன். கூட்டுறவுச் சங்கத்துக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்த காலத்தில், சாயங்காலமானால் அதன்மேல் துணி போட்டு மூடும் பொறுப்பு அவரிடம் இருந்தது. அந்த அனுபவம் போதாதா?

டீச்சருக்கோ அன்று வாழ்வா சாவா என்ற நிலை. தங்கை எஸ்தர் தியாகதுருகத்திலிருந்து வந்து உட்கார்ந்திருந்தாள். வந்தது ஆறு வருஷத்துக்குப் பிறகு. அம்மாவை அடக்கம் செய்த அன்று ஏதோ பேச்சு எங்கோ போய், “உன் கல்யாண போட்டோவுல நான் எங்க கீறேன்? கூடப் பொறந்தவள மேடைக்குக் கூப்ட்டியா நீ?” என்று எஸ்தர் வெடித்தாள். கூப்பிட்டேன் என்றாள் அக்கா. பொய் என்றாள் தங்கை. அதோடு பேச்சு நின்றது. இப்போது பரணில் கல்யாணக் கேசட் அகப்பட்டு, அதை ஸ்டுடியோவில் கொடுத்துப் பென்டிரைவில் ஏற்றி, ஆள்மேல் ஆள் விட்டு எஸ்தரையும் வரவழைத்தாயிற்று. வீடியோதான் வர மறுத்தது.

“நாலு மணி பஸ்ஸுக்குப் போவணும். மாடு கறக்கணும்,” என்றாள் எஸ்தர், சுவரைப் பார்த்து.

“அஞ்சே நிமிசம்மா,” என்றார் தீனதயாளன்.

அப்போது மணி இரண்டு. முதலில் கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டார். பென்டிரைவைப் பிடுங்கி, ஊதிச் செருகினார். பெயரை மாற்றினால் ஜாதகம் மாறும் என்பதுபோல ஃபைலின் பெயரை மூன்று முறை மாற்றினார். எங்கிருந்தோ ஒரு வீடியோ பிளேயரை இறக்கினார். அது துணைக்கு நாலு விளம்பரங்களையும் ஒரு சீட்டாட்டத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது.

“வைரஸு ஜாஸ்தியா கீதே, டீச்சர். யாரு கை வெச்சது?”

வைத்த கையெல்லாம் அவருடையதுதான். அதை யார் சொல்வது?

“கோடெக் இல்ல. அதான் ஓடல.”

“கோடெக்னா இன்னா சார்?”

“அதான் இல்லன்றேனே!”

மணி மூன்றே முக்கால். எஸ்தர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “ஓடாதுன்னு தெரிஞ்சிதானே என்னை வரவெச்ச?” என்றாள். சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போனாள்.

அந்த நேரத்தில், திரை கறுப்பாகவே இருக்க, சத்தம் மட்டும் வந்தது. பேண்டு வாத்தியம். நாற்காலி இழுபடும் ஓசை. அதற்கு நடுவே, இருபத்தைந்து வருஷத்துக்கு முந்திய அமலோற்பவத்தின் குரல்: “எஸ்தரு எங்க? அவ வராம எடுக்காதீங்க.”

எஸ்தர் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“படம் இல்லாம சத்தம் வருது. இது தப்பு,” என்று தீனதயாளன் அதை மூடப் போனார்.

“கைய எடுங்க சார்!” டீச்சரின் அந்தக் குரலை அங்கன்வாடிப் பிள்ளைகள்கூடக் கேட்டதில்லை.

அடுத்துப் பேசியது அம்மா. “அவள நான்தான் பந்திக்கு அனுப்ச்சேன். கறி கம்மியா கீதாம், பாத்துக்கினு நிக்கறா. நேரமாவுது, நீங்க எடுங்க.”

இருவரும் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆமாக்கா,” என்றாள் எஸ்தர் மெதுவாக. “கறி வாளியப் புடிச்சிக்கினு நின்னேன். அம்மாதான் நிக்கச் சொல்லிச்சு. எனக்கு நெனப்பே இல்ல பாரு.” பையைக் கீழே வைத்தாள். “இன்னொரு வாட்டி போடு. அம்மா பேசறத மட்டும்.”

அக்காவும் தங்கையும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நாலு மணி பஸ் எஸ்தருக்காகக் காத்திராமல் போயிற்று.

“படம் வராததுக்கெல்லாம் அழுவாதீங்கம்மா,” என்று தேற்றினார் தீனதயாளன். “நாளைக்கு வந்து எல்லாத்தையும் சுத்தமா அழிச்சி ஃபார்மேட் அடிச்சிட்றேன்.”

மறுநாள் சொன்னபடி வந்தார். அதற்குள் பென்டிரைவ் எஸ்தரோடு தியாகதுருகம் போய்ச் சேர்ந்திருந்தது. அவருக்கு வருத்தம்தான். ஆனாலும், டீச்சர் வீட்டு வீடியோவைத் தொண்ணூறு சதவீதம் ஓட வைத்தது தான்தான் என்று இன்றைக்கும் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன்: இவ்வளவு நேரமும், ‘வேறொரு பிளேயரைப் போட்டிருந்தால் ரெண்டே நிமிஷத்தில் படமும் ஓடியிருக்குமே’ என்று உங்கள் விரல் துடித்ததா இல்லையா? துடித்திருந்தால், எங்கள் தெருப் பக்கம் வருமுன் ஒரு போன் போட்டுவிடுங்கள். ஜன்னலைச் சாத்திக்கொள்ள எங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும்.