ஏழு பாடமும் ஒரு டாலியும்

ஹேடோ துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுகிறவர் ஜம்புலிங்கம். இருபது வருஷத்தில் ஒரு சிமெண்ட் மூட்டை தப்பியதில்லை. அப்படிப்பட்டவர் பெற்ற மகளைத் தப்ப விடுவாரா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய சரக்குப் பட்டியலின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, சுவரில் ஒட்டினார். இங்கிலீஷ், இந்தி, தமிழ், கணக்கு, சயின்ஸ், பொது அறிவு, நல்லொழுக்கம். சாயங்காலம் ஐந்தரை முதல் ஒன்பது வரை. மாணவி: வைஜெயந்தி. நாலு வயசு இன்னும் நிறையவில்லை.

"இதுல சாப்பாடு எங்கேங்க?" என்று கேட்டாள் நீலாவதி.

"நல்லொழுக்கத்துல வருது."

"விளையாட்டு?"

"மெயின்லேண்டுல எல்.கே.ஜி. பிள்ளைங்க தூக்கத்துலகூட தலைநகரம் சொல்லுதாம். நாம தீவுல கிடக்கோம் நீலா. சுனாமி கொண்டுபோனது போக மிச்சம் படிப்பு ஒண்ணுதான்."

"சுனாமி அன்னிக்கு வயித்துல இவளைச் சுமந்துகிட்டுத்தான் மேட்டுக்கு ஓடினேன். புஸ்தகத்தைச் சுமந்துகிட்டு ஓடல."

"அஞ்சாங்கிளாஸோட நின்னவ நீ. உனக்கென்ன தெரியும்?"

அந்த ஒன்றை மட்டும் அவர் கேட்காமல் இருந்திருக்கலாம். நீலாவதி உள்ளே போய்விட்டாள். பதில் பேசாத பெண்டாட்டி உள்வாங்கிய கடல். தீவுக்காரருக்கு இதுகூடவா தெரியாது?

பாடம் தொடங்கியது. பக்கத்துப் பெங்காலி வீட்டு மிட்டுவோடு இந்தியில் கத்திக்கொண்டு பின்பக்கச் சரிவில் உருண்டு, மண்ணும் சிரிப்புமாக வருகிற வைஜு இப்போது பாயில் உட்கார்ந்தாள். பத்தாம் நாள் அப்பாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கு அடியில் போனாள். ஜம்புலிங்கத்துக்கோ பெருமை தாங்கவில்லை.

"நூறு வரைக்கும் எண்ணுறா! கேளு!"

"ஒன், டூ, த்ரீ, ஃபோர், டாலி! ஒன், டூ, த்ரீ, ஃபோர், டாலி!"

துறைமுகத்தில் மூட்டை எண்ணுவது அப்படித்தான். ஐந்தாவது மூட்டைக்கு எண் கிடையாது. 'டாலி' என்று கத்தி, நாலு கோட்டுக்குக் குறுக்கே ஒரு கோடு. அப்பாவுக்குத் தெரிந்த கணக்கு, பிள்ளைக்கும் வந்துவிட்டது.

பதினைந்தாம் நாள் நீலாவதி ஒரு செய்தியோடு வந்தாள்.

"ஏங்க, ஷாதிபூர்ல அலமு டீச்சரோட கேஜி ஸ்கூல் இருக்குல்ல? சனிக்கிழமை இண்டர்வியூ."

"அச்சா! இப்பத்தான் உனக்குப் புத்தி வந்திருக்கு."

"தேறலேன்னா?"

"என் கோச்சிங்ல தேறாமப் போகுமா? தேறலேன்னா அந்த டீச்சர் சொல்ற டைம்டேபிளே வீட்டுல ஓடட்டும். அவ்வளவுதான்!"

"எழுதிக் குடுங்க. வாய்ப்பேச்சு செல்லாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

எழுதினார். கையெழுத்துப் போட்டார். பழக்க தோஷத்தில் தேதியும் போட்டு, 'சரிபார்க்கப்பட்டது' என்றும் எழுதினார்.

சனிக்கிழமை. பள்ளிக்கூடத்தில் எல்லாமே குழந்தை நாற்காலி. முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தார் ஜம்புலிங்கம். அலமு டீச்சர் வைஜுவிடம் ஒன்றுமே கேட்கவில்லை. ஒரு உருண்டை கோதுமை மாவைக் கையில் கொடுத்து மூலைக்கு அனுப்பிவிட்டு, இவர் பக்கம் திரும்பினார்.

"உங்க பொண்ணோட சிநேகிதி பேர் என்ன?"

"அது சிலபஸ்ல இல்லீங்களே மேடம்."

"எதைக் கண்டா பயப்படுவா?"

"ஸ்கூட்டர்!" என்றது மூலை.

"அப்பாவுக்குச் சொல்லிக் குடுக்கக் கூடாது கண்ணு," என்றார் டீச்சர். "சரி, கடைசியா எப்பச் சிரிச்சா?"

ஜம்புலிங்கம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். ஏழு பாடத்தின் மார்க்கும் தேதிவாரியாக ஞாபகம் வந்தது. இது மட்டும் வரவில்லை.

"மேடம்... இண்டர்வியூ குழந்தைக்குத்தானே?"

"குழந்தைக்கு எதுக்கு? அவளைப் போன வாரமே சேர்த்தாச்சு. இங்கே இண்டர்வியூ பெத்தவங்களுக்குத்தான். அம்மா அன்னிக்கே தேறிட்டாங்க. நீங்க..." டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். "ஃபெயில்."

நீலாவதி கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, மடிப்பை நீவி, அவர் முழங்கால் மேல் வைத்தாள். அவர் எழுதிக் கொடுத்த அதே காகிதம்.

அன்று சாயங்காலமே டீச்சர் கொடுத்த புது டைம்டேபிள் சுவரில் ஏறியது. அதே ஏழு பாடம், ஒன்றும் குறையவில்லை. தமிழுக்கு அப்பா கதை சொல்ல வேண்டும். கடைசியில் நீதி சொல்லக் கூடாது. இந்திக்கு மிட்டுவோடு சரிவில் உருள வேண்டும். இந்தி தானாக வரும். சயின்ஸுக்குச் சிரட்டையில் பயறு ஊன்றி, முளைக்கும்வரை அப்பாவும் பொறுமையாக இருக்க வேண்டும். நல்லொழுக்கத்தில் ஒரே வரி: 'உனக்கென்ன தெரியும்' என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது.

கணக்கைப் பார்த்ததும் ஜம்புலிங்கத்துக்கு உயிர் வந்தது. 'வீட்டுத் தட்டுகளை எண்ணுதல்.'

"ஆங், இது நம்ம சப்ஜெக்ட்! கொண்டா தட்டை."

"எண்ணுறது அவ. கழுவிக் குடுக்கிறது நீங்க. கீழே எழுதியிருக்கு பாருங்க."

எழுதியிருந்தது. ஜம்புலிங்கம் சட்டைக் கையை மடித்தார். வைஜு முக்காலியில் ஏறி நின்றாள்.

"ஒன்... டூ... த்ரீ... ஃபோர்..."

ஐந்தாவது தட்டு.

"டாலி!" என்று கத்தி, கைகொட்டிச் சிரித்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு.

"தேதி போட்டு எழுதி வைங்க. டீச்சர் கேட்டாச் சொல்லணுமில்ல?" என்றாள் நீலாவதி.

ஜம்புலிங்கம் கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார். "அஞ்சு தட்டுத்தானே? முடிஞ்சுது."

நீலாவதி பரண்மேலிருந்த பாத்திரங்களை எல்லாம் ஒவ்வொன்றாக இறக்கி அவர் முன்னால் அடுக்கினாள்.

"அதெப்படிங்க முடியும்? நூறு வரைக்கும் எண்ணுறான்னு நீங்கதானே சொன்னீங்க?"