சர்வர் சாமியாரின் காவல் திரை

சர்வர் சாமியார் வருகிறார் என்றால் பார்சல் அலுவலகத்தில் எல்லோரும் வேலையை நிறுத்திவிடுவார்கள். வேலை ஏற்கெனவே நின்றுபோனதால்தான் அவரையே வரவழைக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

அன்றைக்கும் கூட்டத்துக்குக் குறைவில்லை. பதிவு மேசைக்காரர்கள், ஓட்டுநர்கள், பார்சல் எங்கே என்று சண்டை போட வந்த வாடிக்கையாளர்கள் என்று நடைபாதை நிரம்பி வழிந்தது. சண்டைக்கு வந்தவர்கள்கூட வந்த வேலையை மறந்துவிட்டு எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"கையை வெச்சாலே போதுமாம். மெஷின் பேசுமாம்."

"என் மச்சான் ஆபீஸ்ல செத்துப்போன பிரிண்டரையே எழுப்பிட்டாராம்."

மகான் வந்தார். நீலச் சட்டை, மூடிய கண்கள், கழுத்தில் பென்டிரைவ்களைக் கோத்த மாலை. சர்வர் அறைக்குள் போய்ப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"உஷ்ணம்... கடும் உஷ்ணம்!"

கூட்டம் சிலிர்த்தது. இரவும் பகலும் ஓடுகிற இயந்திரம் சுடாமல் ஜில்லென்றா இருக்கும் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஒருத்தியைத் தவிர.

அவள்தான் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிறவள். எந்தப் பார்சல் எந்த வண்டியில், எந்தத் தெருவுக்கு என்ற விவரமெல்லாம் அந்த டேட்டாபேஸில்தான் இருந்தது. எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்பதால் அலுவலகம் அவளுக்கு 'ஏன் அக்கா' என்று பெயர் வைத்திருந்தது. இப்போது அதே அலுவலகம் அவளைக் கண்டால் ஒதுங்கிப் போனது.

காரணம் உண்டு. முதல் தடவை சர்வர் தவழ்ந்தபோது, அவள் காய்ச்சலில் விடுப்பில் இருந்தாள். சாமியார் வந்து எல்லோரையும் கணினியை அணைக்கச் சொன்னார். நடைபாதையில் கண்ணை மூடி நிற்க வைத்தார். தான் மட்டும் சர்வரோடு தனியாக இருந்தார். திரும்பி வந்து பார்த்தால் சர்வர் சிட்டாய்ப் பறந்தது! உடனே மேலாளர் அவர் காலில் விழாத குறை. கெட்ட சக்தி அண்டாமல் இருக்க ஒரு 'காவல் திரை'யையும் சாமியாரே சர்வரோடு இணைத்துச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார். அதில் எண்கள் ஓடும், வளையங்கள் சுழலும். என்ன காட்டுகிறது என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால்தானே மரியாதை!

போகும்போது ஒரு கட்டளையும் போட்டார். "சர்வருக்குள்ள யார் என்ன பண்றாங்கன்னு எட்டிப் பார்க்கவே கூடாது. கண்ணு பட்டுடும்."

அவள் வேலையே எட்டிப் பார்ப்பதுதான். டேட்டாபேஸிடம் யார் என்ன கேட்கிறார்கள், எவ்வளவு நேரமாகக் கேட்கிறார்கள், யாருக்குப் பின்னால் யார் காத்து நிற்கிறார்கள் என்று ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கும் அனுமதியை மேலாளர் பறித்துவிட்டார். வைத்தியரிடம் நோயாளியை ஒப்படைத்துவிட்டு, நாடியை மட்டும் தொடாதே என்றால் எப்படி? அதற்குப் பிறகு சர்வர் அடிக்கடி படுத்தது. சாமியாரும் அடிக்கடி வந்தார், காணிக்கையோடு போனார். சாமியாரையே 'ஏன்?' என்று கேட்டவளின் தோஷம்தான் இது என்று அலுவலகம் முணுமுணுத்தது.

இன்றைக்கு அவர் கண்ணைத் திறக்காமலேயே தீர்ப்பு சொன்னார். "சர்வருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கா. அவ ராசி சரியில்ல."

அத்தனை தலையும் அவள் பக்கம் திரும்பியது. அக்கா, அக்கா என்று கூடவே சுற்றும் பதிவு மேசைப் பெண், தன் நாற்காலியை மெல்லத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். சாமியார் சொன்னதைவிட அதுதான் ஏன் அக்காவுக்கு வலித்தது.

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்."

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. கணவனுக்கு வேலை போய்விட்டது. வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது. பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

"போறேன் சார். ஆனா ஒண்ணு. இந்தத் தடவை சாமி எல்லாரும் பார்த்துக்கிட்டிருக்கும்போதே செய்யட்டும். யாரும் வெளியே போக வேண்டாம், கண்ணையும் மூட வேண்டாம். அந்தப் பட்டியலை நான் புரொஜெக்டர்ல போட்டுச் சுவர்ல காட்டறேன்."

"ஐயோ! கண்ணு பட்டுடும்!" என்றார் சாமியார்.

"பட்டா எனக்கே படட்டும். நான்தான் போகப் போறேனே."

"இத்தனை சக்தி இருக்குற சாமி ஒரு பட்டியலுக்கா பயப்படறாரு?" என்று பின்னாலிருந்து ஓர் ஓட்டுநர் கேட்டார். சிலர் சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டதும் மேலாளருக்கு ரோஷம் வந்தது, அனுமதி கொடுத்தார்.

பட்டியல் சுவரில் விழுந்தது. முதல் வரியில் 'காவல் திரை'. இரண்டாவதிலும் அதுவே. அதற்குக் கீழேயும் அதுவே. அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்து வந்த அத்தனை பார்சல்களையும் மறுபடி மறுபடி எண்ணிச் சொல்லச் சொல்லி, மூச்சுவிடாமல் சர்வரை நச்சரித்துக்கொண்டிருந்தது. பதிவு மேசை, வண்டிப் பிரிவு, ஏன், மேலாளரும்கூட அதற்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள்.

"நானும் காத்துக்கிட்டா இருக்கேன்?" என்றார் மேலாளர். மற்றவர்கள் காத்திருந்தபோது அவருக்கு இவ்வளவு அதிர்ச்சி வரவில்லை.

அவள் பட்டியலைப் பார்க்கவில்லை. சாமியாரின் கையைப் பார்த்தாள். அது மெதுவாகச் சட்டைப்பைக்குள் போனது. அடுத்த நொடி 'காவல் திரை' வரிகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

"அக்கா, வந்துடுச்சு! பார்சல் எல்லாம் வருது!" என்று கத்தினாள் பதிவு மேசைப் பெண்.

"பார்த்தீர்களா என் அருளை!" என்றார் மகான்.

"அருள் பாக்கெட்லயா இருக்கு சாமி? கையை வெளியே எடுங்க."

கையோடு கைபேசியும் வந்தது. அதில் காவல் திரையின் படமும், அதன் நச்சரிப்பைக் கூட்ட ஒரு பொத்தானும், குறைக்க ஒரு பொத்தானும் இருந்தன. மேலாளர் பிடுங்கி, கூட்டும் பொத்தானை அழுத்தினார். சர்வர் படுத்தது. குறைக்கும் பொத்தானை அழுத்தினார். எழுந்தது. நம்பிக்கை இல்லாமல் மறுபடியும் அழுத்தினார். படுத்தது, எழுந்தது.

"அப்போ முதல் தடவை? அப்ப இந்தத் திரையே இல்லையே!" என்றார் மேலாளர்.

"யாராவது ஒரு பதிவைத் திருத்த ஆரம்பிச்சு, முடிக்காம டீ குடிக்கப் போயிருப்பாங்க சார். அவங்க முடிக்கிற வரைக்கும் அந்தப் பதிவு பூட்டித்தான் கிடக்கும். எல்லாரும் கணினியை அணைச்சதும் பூட்டு விட்டுடுச்சு."

மேலாளர் தன் மேசையில் ஆறிக் கிடந்த டீயைப் பார்த்தார். டம்ளரை மெல்ல மேசைக்கு அடியில் தள்ளினார்.

ஓட்டுநர்கள் சாமியாரை வாசல்வரை கொண்டுபோய் விட்டார்கள். மரியாதையாக என்று சொல்ல முடியாது. பதிவு மேசைப் பெண் தலையைக் குனிந்துகொண்டு நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டாள்.

"நாளைக்கு வழக்கம்போல வந்துடுங்கம்மா" என்ற மேலாளர், போகிற போக்கில் திரும்பினார். "எதுக்கும்... உங்க நாற்காலியை மட்டும் சர்வரைப் பார்த்த மாதிரி திருப்பிப் போட்டுக்கறீங்களா?"

"ஏன்?" என்றாள் அவள்.

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நழுவினார். அந்த 'ஏன்?' என்ற கேள்விக்கு உங்களிடமாவது பதில் இருக்கிறதா, ஐயா? இல்லையென்றால், அடுத்த முறை ஒருவர் கண்ணை மூடு என்று சொல்லும்போது, அவர் கை எங்கே போகிறது என்று பார்க்கவாவது கண்ணைத் திறந்து வையுங்கள்.