மாப்பிள்ளை விருந்துக்குப் போன கோழிகள்

கரப்பான்பூச்சியை ஒழிக்கத் தெரிந்தவர் என்று உலகத்தில் யாரும் கிடையாது. அதைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பத் தெரிந்தவர்கள்தான் உண்டு. நான் மாடி வீட்டுக்கு அனுப்பியவள். அதுவும் விருந்து நேரமாகப் பார்த்து.

கல்யாணமாகி விருதுநகரிலிருந்து போர்ட் பிளேருக்கு வந்த புதிது. கணவருக்கு அரசு அலுவலகத்தில் வேலை. குட்வில் எஸ்டேட்டில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தோம் (இன்னும் அங்கேதான் இருக்கிறோம், அதுவே ஆச்சரியம்). மாடியில் வீட்டுக்கார அம்மா, வங்காளி. தெருவே அவரை ‘பௌதி’ என்று கூப்பிடும், அண்ணி என்று அர்த்தம். மெயின்லேண்டிலிருந்து கப்பல் வரத் தாமதமானால் இங்கே கடையில் முட்டை காணாமல் போய்விடும். அந்தக் கோபத்தில் நாலு பெட்டையும் ஒரு சேவலும் வாங்கினேன். பார்சல் வந்த மரப்பெட்டிகளை உடைத்து, சமையலறைச் சுவரை ஒட்டிக் கூடு அடித்தேன். கோழிகளுக்கு மெத்தென்று இருக்கட்டுமே என்று பழைய அட்டைப்பெட்டிகளை மடக்கி அடியில் போட்டேன். கோழிகள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கரப்பான்களுக்கு நான் குவார்ட்டர்ஸ் கட்டிக் கொடுத்திருந்தேன்.

மழை பிடித்ததும் அவை குடும்பம் குடும்பமாக என் அடுப்படிக்கு வந்தன. அடுத்து மாடிக்கும் போயின. ஒரு காலை பௌதி ஒரு டம்ளரைத் தட்டால் மூடிக்கொண்டு இறங்கி வந்தார். உள்ளே ஒரு கரப்பான் மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது.

“சாந்தி, யே துமாரா முர்கி கா மெஹ்மான் ஹை” என்றார். உன் கோழி வீட்டு விருந்தாளி என்று பொருள்.

அடுத்த வாரம் ஜமாய் ஷஷ்டி. வங்காளிகள் வீட்டு மாப்பிள்ளையை உட்கார வைத்து விருந்து போடும் நாள். பௌதியின் ஒரே மகளும் புது மாப்பிள்ளையும் கொல்கத்தாவிலிருந்து முதல் தடவையாக வருகிறார்கள். அதற்குள் கரப்பான் போக வேண்டும், இல்லையென்றால் கோழி போக வேண்டும் என்று சொல்லிவிட்டு, டம்ளரை என்னிடமே விட்டுப் போனார்.

எனக்கு அழுகை வந்தது. ஊர் தெரியாத, பாஷை தெரியாத இடத்தில் பகல் முழுக்க நான் பேசியதெல்லாம் அந்தக் கோழிகளோடுதான். என் கணவரிடம் சொன்னேன்.

“ரெண்டுக்கும் சேத்து ஒரே வழிதான். கொழம்பு வச்சிரு” என்றார். அன்றைக்கு அவருக்கு வெறும் ரசம்.

மருந்து வைக்க முடியாது. செத்த கரப்பானைக் கோழி தின்றால் கோழியும் போய்விடும். சர்க்கரையும் சோடா மாவும் கலந்து வைத்தேன். எறும்புகள் வந்து சர்க்கரையை மட்டும் பொறுக்கிக்கொண்டு போயின. அப்போதுதான் எனக்கு அந்த ஞானம் பிறந்தது. கோழிக்குக் கரப்பான் என்றால் உயிர். கோழிகளையே சமையலறைக்குள் விட்டால் என்ன?

இந்தத் தீவில் சூரியன் அலுவலகக்காரர்களோடு சேர்ந்தே வீட்டுக்குக் கிளம்பிவிடும். விருதுநகரில் வெயில் அடிக்கிற நேரத்துக்கு இங்கே விளக்குப் போட வேண்டும். கரப்பான்கள் வெளியே வரும் அந்த நேரத்தில், ஏற்கெனவே அடைந்துவிட்ட கோழிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து அடுப்படியில் நிறுத்தினேன். விளக்கை அணைத்தால் கரப்பான்கள் வந்தன, கோழிகள் தூங்கின. போட்டால் கோழிகள் விழித்தன, கரப்பான்களைக் காணோம். நான் விடாமல் அணைத்துப் போட்டு அணைத்துப் போட்டு, கடைசியில் பல்பு போய்விட்டது. ஒரு பெட்டை மாவுச் சட்டியில் எச்சம் போட்டது. என் கணவர் இத்தனையையும் டீயைக் குடித்துக்கொண்டே பார்த்தார்.

ஜமாய் ஷஷ்டியும் வந்தது. எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார் பௌதி. கணவர் இஸ்திரிச் சட்டையோடு முன்னால் போனார். ஒரு சின்ன வேலை, முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். மழை விட்டு வெயில் அடித்தது. பகல் வெளிச்சம், பசித்த கோழிகள், அண்டா நிறைய வெந்நீர். கூட்டை நெம்பி நகர்த்தி, அட்டையை உருவி, வெந்நீரைக் கொட்ட வேண்டியது. ஓடுகிற கரப்பான்களைச் சுற்றி நிற்கும் கோழிகள் பார்த்துக்கொள்ளும்.

திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் மாடிக்குப் போகிற குழாய் இருந்ததுதான் குறை. வெந்நீர் பட்டதும் கரப்பான்கள் கோழிகளின் பக்கம் திரும்பவே இல்லை, குழாயைப் பிடித்துக்கொண்டு நேராக மேலே போயின. கோழிகள் அண்ணாந்து பார்த்தன. பிறகு வெளிப் படிக்கட்டில் ஏறின. நானும் நைட்டியோடு, கையில் முறத்தோடு, பின்னால் ஓடினேன்.

உள்ளே மாப்பிள்ளைக்கு எதிரே பெரிய தட்டு, சுற்றிலும் கிண்ணம் கிண்ணமாக மீனும் இறாலும். பௌதி விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். பால்கனி வழியாகக் கரப்பான்கள் வந்தன. வாசல் வழியாகக் கோழிகள் வந்தன. ஒரு கரப்பான் பறந்து மாப்பிள்ளையின் பட்டு ஜிப்பாவில் உட்கார்ந்ததும், ஆறடி மனிதர் நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டார். சேவல் மேசைக்குத் தாவி, அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் அதைக் கொத்தி விழுங்கியது. நான் சோபாவுக்கு அடியில் புகுந்து ஒரு பெட்டையின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாகப் பெட்டையோடு வெளியே வந்தேன். எனக்குத் தெரிந்த இந்தியில், நாளைக்கே கோழிகளை யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்று அழுதுகொண்டே சொன்னேன்.

“நஹி” என்று நாற்காலி மேலிருந்து குரல் வந்தது. “முர்கா யஹி ரஹேகா.”

சேவல் இங்கேதான் இருக்கும் என்றார் மாப்பிள்ளை. அது கட்டிலுக்கு அடியிலும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால்தான் இறங்குவேன் என்றும் சேர்த்துக்கொண்டார். ஜமாய் ஷஷ்டி அன்று மாப்பிள்ளை கேட்டதை எந்த வங்காளி மாமியாரும் மறுக்க மாட்டாள். பௌதி என்னைப் பார்த்த பார்வையில் வெந்நீரின் சூடு இருந்தது. ஆனாலும் அவரே குனிந்து சேவலுக்குப் படுக்கையறைக் கதவைத் திறந்துவிட்டார்.

அட்டையை எடுத்து, கூட்டைச் செங்கல் மேல் தூக்கி வைத்ததும் கரப்பான்கள் பெரும்பாலும் போய்விட்டன. கோழிகள் இருக்கின்றன, அவற்றின் பேரன் பேத்திகளோடு. மாப்பிள்ளை வரும்போதெல்லாம் பௌதி கீழே வந்து ஒரு சேவலை மேலே அழைத்துப் போகிறார்.

அன்று பௌதியின் மகள் செல்போனில் எடுத்த படம் இப்போது மாடி ஹாலில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. நாற்காலி மேல் மாப்பிள்ளை, மேசை மேல் சேவல், சோபாவுக்கு வெளியே பூப்போட்ட நைட்டியும் இரண்டு குதிகாலும். அது யார் என்று விருந்தாளிகள் கேட்டால், என் கணவர் கிட்டப் போய் நிதானமாக உற்றுப் பார்த்துவிட்டு, “கீழ் வீட்டுல யாரோ” என்கிறார்.