அகல டயரும் அடியேனும்

அறுபத்து நான்கு வயதில் ஒரு மனிதன் எதையேனும் துறக்க வேண்டும். நான் கற்ற நூல்கள் அனைத்தும் அதையே வற்புறுத்துகின்றன. நானோ அந்த வயதில், என் காருக்கு அகலமான டயர் போடுவது என்று தீர்மானித்தேன். பற்றை விட வேண்டிய பருவத்தில் பற்றைத் தேடிக் கடைக்குப் போனவன் அடியேன். சாலையின் மீது வைக்கும் பற்றுதானே என்று சமாதானம் சொல்லலாம். சொல்லிப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. ஆனாலும் போனேன்.

முப்பத்தோர் ஆண்டுகள் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தினேன். பெரும்பாலும் பக்தி நூல்கள். இறைவன் திருநாமத்தில் ஒரு புள்ளி விழாமற் போனால் எனக்கு அன்று சோறு இறங்காது. என் மனைவியோ நகரப் பேருந்து ஓட்டுநர். பவர் ஸ்டியரிங் என்பதே இல்லாத காலத்துப் பேருந்து. அவள் ஓட்டிய வண்டியில்தான் நான் வேலைக்குப் போனேன். காலையில் அவள் ஓட்ட நான் நின்றுகொண்டு போவேன். மாலையில் அவள் ஓட்ட நான் நின்றுகொண்டு வருவேன். ஓர் இருக்கை காலியாகி நான் மெல்லச் சாய்ந்தால், கண்ணாடியில் பார்த்துவிடுவாள்.

"என்னங்க, பின்னாடி கைக்குழந்தையோட ஒரு அம்மா நிக்கிறாங்க பாருங்க!"

பேருந்து முழுவதும் என்னைப் பார்க்கும். நான் எழுந்துவிடுவேன். ஆக, என் இல்லற வாழ்வு முழுவதும் ஸ்டியரிங் அவள் கையில் இருந்தது. இதை உவமை என்று எண்ணிவிட வேண்டாம்.

இருவரும் ஓய்வு பெற்றோம். அச்சக முதலாளி வெளிநாட்டில் மகளோடு தங்கப் புறப்பட்டபோது, தம் பழைய ஸ்போர்ட்ஸ் காரை எனக்கு அன்பளிப்பாகத் தந்தார். "வாழ்நாளில் எதையும் வேகமாகச் செய்யாதவர் நீர் ஒருவரே. உம்மிடம் இருந்தால் இது நெடுநாள் இருக்கும்" என்றார். கருஞ்சிவப்பு நிறம். இரண்டே இருக்கைகள். தரையோடு தரையாகப் படுத்திருக்கும். அதில் ஏறுவது என்பதில்லை. அதனுள் இறங்க வேண்டும். முதன்முறை அந்தச் சிறிய ஸ்டியரிங்கைப் பற்றியபோது எனக்குக் கண் கலங்கியது. இதையாவது எவர் கையிலும் கொடுப்பதில்லை என்று அன்றே உறுதி பூண்டேன். எவர் என்றால், வீட்டில் இருப்பது நாங்கள் இருவரே.

"ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாக்குறேங்க."

"இது பஸ் இல்லம்மா. மென்மையான வண்டி. உன் கைக்குத் தாங்காது."

"அம்பது பேர ஏத்திக்கிட்டு ஊர் பூரா சுத்துன கைங்க இது."

"அதனாலதான் சொல்றேன். பூப்பறிக்க யாராவது கடப்பாரை எடுப்பாங்களா?"

"என்னையா கடப்பாரைங்கறீங்க?"

"உன் கையை."

அவள் சன்னல் வழியே காரை ஒரு முறை பார்த்தாள். என்னை ஒரு முறை பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மெய்ப்புப் பார்த்திருக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் பிழை தேடிய கண்களுக்கு அது தப்பிவிட்டது.

இந்நிலையில் ஒரு மழைநாள் வந்தது. எங்கள் தெரு முனையில் கார் வழுக்கியது. பக்கத்து வீட்டுக்காரரைத் தெருவில் 'வர்ணனை' என்று அழைப்பார்கள். எது நடந்தாலும், யாருக்கு நடக்கிறதோ அவருக்கே அதை எடுத்துரைப்பது அவர் வழக்கம்.

"வழுக்குது... வழுக்குது... ஐயா பிரேக் போடுறாரு... கேக்கல... வேலிகிட்ட போகுது... தொட்டுடுச்சு!"

"தெரியுது சார்" என்றேன், வேலிக்குள் இருந்தபடி.

"டயர் பிடிப்பே இல்ல ஐயா. பெரிய பெரிய ஸ்போர்ட்ஸ் கார்ல எல்லாம் பாத்திருக்கீங்களா? இத்தாம் பெருசு டயர்! அப்படியே தரையைக் கவ்விப் பிடிக்கும்."

அவர் விரித்த கைகளின் இடைவெளி என் நெஞ்சில் பதிந்தது.

டயர்க் கடைக்குப் புறப்பட்டபோது மனைவியும் செருப்பை மாட்டிக்கொண்டாள். "டயர் பத்தி எனக்கும் ரெண்டு விஷயம் தெரியும்" என்றாள். அவளைப் பக்கத்து இருக்கையில் அமர்த்தி நான் ஓட்டிச் சென்றேன். அதில் எனக்கு ஓர் இன்பம் இருந்தது, மறைப்பானேன்?

கடை முழுவதும் புது ரப்பர் வாசனை. சுவர் ஓரம் டயர்கள் கழுத்தளவுக்கு அடுக்கப்பட்டிருந்தன. கடைக்காரர் குந்தி அமர்ந்து என் முன்சக்கரத்தை விரல் முட்டியால் தட்டினார். நோயாளியின் நெஞ்சைத் தட்டும் மருத்துவரின் முகம்.

"ரப்பர் செத்துப்போச்சு ஐயா. பாருங்க, ஓரமெல்லாம் வெடிப்பு. நாலையும் மாத்தணும்."

"அகலமா போடணும்."

"எவ்வளவு அகலம்?"

நான் கைகளை விரித்தேன். அவர் என் கைகளைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

"ரேஸுக்குப் போறீங்களா?"

"நூலகத்துக்குப் போறேன்."

"அதுக்கு இவ்வளவு எதுக்கு ஐயா? நீங்க காட்டுறது டிராக்ல ஓட்டுற டயர். அது சூடேறினாத்தான் இளகும். இளகினாத்தான் பிடிக்கும். தெருவுல நீங்க போற வேகத்துக்கு அது கடைசி வரைக்கும் சூடே ஏறாது."

நான் ஒரு கணம் மெய்ம்மறந்து நின்றேன். உருகாத உள்ளத்துக்கு இறைவன் வசப்படான் என்று எத்தனை பக்கங்கள் திருத்தியிருப்பேன்! அதையே ஒருவர், கையில் கிரீஸ் படிந்திருக்க, ஒரு டயரைக் காட்டிச் சொல்கிறார். நாற்பது ஆண்டு ஓதியும் சூடேறாத என் நெஞ்சை நினைத்துச் சற்று வருந்தினேன். வருந்தியது நெஞ்சுக்காக, டயர் ஆசை அப்படியே இருந்தது.

"கேட்டீங்களா?" என்றாள் மனைவி. "பழைய அளவே போதும். ஏங்க, மழைக்கு எப்படி?"

"அகலம் கூடக்கூட தண்ணி மேல மிதக்கப் பாக்கும்மா. ஒல்லி டயர்னா தண்ணியைக் கிழிச்சுக்கிட்டுத் தரையைத் தொடும்."

"அப்ப வேண்டவே வேண்டாம்."

"அகலம்தான் வேணும்" என்றேன். குரல் சற்று உயர்ந்தே ஒலித்தது. என் வாழ்வில் நானாகத் தேர்ந்தெடுத்த பொருள்கள் மிகச் சில. இது ஒன்றிலாவது என் சொல் நிற்கட்டும் என்று தோன்றியது.

கடைக்காரர் இருவரையும் பார்த்து ஒரு நடுவழி கண்டார். "தெருவுல ஓட்டுறதுக்குன்னே அகலமா ஒண்ணு இருக்கு. தண்ணி வெளிய போக ஆழமா காடி வெட்டியிருக்கும். அதுக்குத் தக்க ரிம்மோட போட்டுத் தரேன். மழைல மட்டும் மெதுவா போங்க. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இது பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி. முன்னாடி இவ்வளவு அகலம் போட்டா, ஓடும்போது ஒண்ணும் தெரியாது. நிறுத்தும்போது, எடுக்கும்போது, சந்துல திருப்பும்போது ஸ்டியரிங் அசையாது. நல்ல கை பலம் வேணும்."

மனைவி அதுவரை ஒரு பழைய டயரைத் தடவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"எவ்வளவு கனமா இருக்கும்?"

"அந்தக் காலத்து பஸ்ல பாதி இருக்கும்மா."

காற்றடிக்கும் எந்திரம் மட்டும் பெருமூச்சு விட்டது.

"போடுங்க" என்றாள்.

"இப்பத்தானே வேண்டாம்னே?"

"இப்பத்தானே விவரம் தெரிஞ்சது. ஆசைப்பட்டுக் கேக்குறீங்க. நான் எதுக்குக் குறுக்க நிக்கணும்?" கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "இருக்கறதுலயே எது அகலமோ அதைப் போடுங்க."

"ஐயாவால திருப்ப முடியுமாம்மா?"

"அவரைச் சாதாரணமா நினைக்காதீங்க. முப்பது வருஷமா பேனா பிடிச்ச கை."

எனக்குப் புல்லரித்தது. கட்டிய மனைவி கடைவீதியில் வைத்துக் கணவன் கையைப் புகழ்கிறாள். எத்தனை பேருக்கு இந்தப் பேறு வாய்க்கும்?

புது டயரோடு வீடு திரும்பிய அந்தப் பயணத்தை எப்படிச் சொல்வேன்! நேர்ச்சாலையில் கார் மிதந்தது. சாலையில் ஒரு தடம் தென்பட்டால் அதன் வழியே தானாகவே சற்று இழுத்துச் சென்றது. அதையும் வண்டியின் உற்சாகம் என்றே கொண்டேன். மனைவி பக்கத்தில் அமர்ந்து கைகளை மடியில் கோத்து, மிக அடக்கமாகச் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டு வாயிலில் வந்து நின்றேன். எங்கள் தெரு குறுகல். வாயில் அதனினும் குறுகல். உள்ளே நுழைய ஸ்டியரிங்கை முழுவதும் திருப்ப வேண்டும். திருப்பினேன். திரும்பவில்லை. பல்லைக் கடித்தேன். பல் அசைந்தது, ஸ்டியரிங் அசையவில்லை. எழுந்து நின்று திருப்பலாம் என்றால் தலைக்கு மேலே கூரை.

"ஐயா திருப்புறாரு... வலதுபக்கம் முயற்சி... காது செவக்குது... இடதுபக்கம் முயற்சி..."

"சார், கொஞ்சம் சும்மா இருங்க!"

"ஐயா கோவப்படுறாரு..."

பின்னால் இரண்டு வண்டிகள் வந்து நின்றன. ஹாரன் அடித்தார்கள். மனைவி கதவைத் திறந்து இறங்கி, சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

"நகருங்க."

"இரும்மா, இன்னும் ஒரே தடவை..."

"பின்னாடி வண்டி நிக்குது. நகருங்க."

பேருந்துக் கண்ணாடி வழியே கேட்டுப் பழகிய அதே குரல். என் உடல் என்னைக் கேளாமல் எழுந்தது. அவள் அமர்ந்தாள். உள்ளங்கையை ஸ்டியரிங்கில் பதித்தாள். ஒரே கை. மாவரைக்கும் கல்லைச் சுற்றுவதுபோல் ஒரு சுற்று. கார் பசுங்கன்றாய்த் திரும்பி உள்ளே போய் நின்றது.

"அம்மா ஒத்தக் கையால..." என்று தொடங்கிய வர்ணனையாளருக்கு அதற்குமேல் சொல் எழவில்லை. அவர் வாழ்விலேயே அதுதான் முதல் முறை.

அடுத்த மூன்று நாள்கள் நான் முயன்றேன். நான்காம் நாள் என் வலத்தோள் மேலே எழ மறுத்தது. காலையில் பாராயண நூலின் பக்கத்தைப் புரட்டவும் கை வரவில்லை. அவளே அருகில் அமர்ந்து புரட்டிவிட்டாள். தோளுக்குத் தைலம் தேய்த்தாள்.

"சாவி எங்க வெச்சிருக்க?"

"எங்கிட்டதான் இருக்கு. பத்திரமா இருக்கு."

"தோள் சரியானதும் குடுத்துடு."

"குடுக்கறேன். முதல்ல தோள் சரியாகட்டும். ஆமா, நூலகத்துக்குப் போகணும்னீங்களே, வரீங்களா?"

போனோம். நூலகத்தில் நிறுத்தாமல் அதைத் தாண்டினாள். ஊருக்கு வெளியே மலையடிவாரச் சாலைக்குப் போனாள். வளைவுகளில் அந்த அகல டயர்கள் தரையைப் பற்றிய அழகை, ஓட்டாமல் சும்மா இருந்ததால்தான் உணர்ந்தேன். முப்பது ஆண்டுகளாக அவள் முதுகையும் கண்ணாடிக்குள் இரு கண்களையும் மட்டுமே பார்த்தவன், அவள் ஓட்டும்போது அவள் முகத்தை அன்றுதான் பக்கவாட்டில் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்காகச் சிரித்த சிரிப்பில்லை. யாருக்காகவும் இல்லை.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லைங்க. இத்தனை வருஷத்துல மணியடிச்சு யாரும் நிறுத்தச் சொல்லாம ஓட்டுறது இதுதான் முதல் தடவை."

நீயே நடத்து, நான் உன் அருகில் அமர்ந்திருக்கிறேன் என்று ஆண்டவனிடம் அன்றாடம் வேண்டுபவன் நான். அந்த வேண்டுதலில் எத்தனை பொய் இருந்தது என்பது அப்போது விளங்கியது. நடத்துவதற்கு ஒருவர் வந்துவிட்டால், அமர்ந்திருப்பதுதான் எத்தனை கடினம்!

நியாயமாக இந்த இடத்தில் நான் ஞானம் அடைந்திருக்க வேண்டும். அரைமணி நேரம் அடைந்துதான் இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவள் சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அந்தச் சத்தத்தில் ஞானம் கலைந்தது.

மறுநாள் பிற்பகல், அவள் கண் அயர்ந்த நேரம் பார்த்து வெளியேறினேன். நடந்தே டயர்க் கடைக்குப் போனேன். வெயில் தலையைப் பிளந்தது. வழியெல்லாம் திட்டத்தைச் செதுக்கினேன். பழைய அளவிலேயே நான்கு புது டயர், பழைய ரிம்மோடு. அவள் ஊரில் இல்லாத நாளில் கடை ஆளை வீட்டுக்கே வரவழைத்து மாற்றிவிட வேண்டும். ஸ்டியரிங் லேசாகும். தோள் சரியாகிவிட்டது என்று சொல்லிச் சாவியைக் கேட்டு வாங்கலாம்.

"வாங்க ஐயா" என்றார் கடைக்காரர். என்னைக் கண்டு அவர் வியக்காதது எனக்குச் சற்று வியப்பாக இருந்தது.

"பழைய அளவுல நாலு வேணும். வீட்டுல தெரிய வேண்டாம்."

அவர் தலையைச் சொறிந்தார். "அம்மா நேத்தே வந்துட்டுப் போயிட்டாங்களே ஐயா."

"எதுக்கு?"

"அந்த அளவுல கடைல இருந்த நாலையும் அவங்களே வாங்கிட்டாங்க. நீங்க வந்து கேட்டா இருக்கக் கூடாதாம், வேற ஒருத்தர் வண்டிக்குக் குடுத்துடச் சொல்லிட்டாங்க."

நான் அருகில் இருந்த டயர் அடுக்கைப் பற்றிக்கொண்டேன். அவர் ஒரு முக்காலியை என் பின்னால் நகர்த்தி வைத்து, ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினார்.

"வேற ஏதாவது சொன்னாளா?"

"சொன்னாங்க ஐயா. இன்னைக்கு வெயில்ல நடந்தே வருவீங்களாம், உக்கார வெச்சுத் தண்ணி குடுக்கச் சொன்னாங்க. அஞ்சு மணிக்கு அவங்களே கார்ல வந்து கூட்டிக்கிட்டுப் போறாங்களாம்."