ஆரணியில் ஒரு படகைப் பத்திரமாகக் கட்டி வைத்த வரலாறு

துறைமுகம் உள்ள ஊர்க்காரர்கள் படகைக் கட்டி வைப்பதில் என்ன அதிசயம் இருக்கிறது? கடல் வாடையே படாத ஆரணியில் ஒரு பாய்மரப் படகைக் கட்டிக் காத்த பெருமை, ஏரிக்கரை அலுவலகத் தலைமை எழுத்தர் அருணாச்சலம் ஒருவருக்கே உரியது.

2005 மழைக்கு முன்பு, 'வெள்ள மீட்புக்கென' மேலிடம் அனுப்பிய படகு அது. களம்பூர் அரிசி லாரியில், மூட்டைகளின் மேல் கவிழ்ந்து படுத்து, ஒரு கீறல் இல்லாமல் வந்து இறங்கியது. அருணாச்சலம் ஓய்வு பெற இரண்டே மாதம். முப்பத்து மூன்று வருஷத்தில் அவர் பொறுப்பில் ஒரு குண்டூசி காணாமல் போனதில்லை. அந்தப் பெயரோடு வீடு போய்ச் சேர வேண்டும் என்பதே அவருடைய ஒரே ஆசை.

கூடவே வந்த படகுப் பாயை, துணி விஷயமென்று அருணாச்சலம் கூப்பிட்டனுப்பிய பக்கத்துத் தெரு நெசவாளர் குப்புராஜ் விரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"முந்தி இல்ல, பார்டர் இல்ல, மூணு மூலையா கீது. நெய்யறவன் பாதியில எழுந்து பூட்டான் போலங்க."

'குறையுள்ள துணி' என்று எழுதி அது உடனே திருப்பி அனுப்பப்பட்டது. ஆனால் பட்டியலில் 'பாய் ஒன்று' என்று இருந்ததே! கடைத்தெருவில் நல்ல கோரைப்பாயாக வாங்கிப் படகில் விரித்தார்கள்.

அடுத்து, 'படகு அசையாதவாறு கட்டப்பட வேண்டும்' என்று சுற்றறிக்கை வந்தது. அலுவலக இரும்புத் தூணோடு ஒட்டிக் கட்டச் சொன்னார் அருணாச்சலம்.

"தண்ணி ஏறுனா படகும் ஏறணும் இல்லீங்களா?" என்றார் குப்புராஜ். "கயித்தக் கொஞ்சம் தளர்த்தி வுடலாங்க."

"அசையக் கூடாதுன்னு போட்டிருக்குது, பாருய்யா. நீ கட்டு."

தறியில் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலை இழை இழையாகப் பிணைக்கிற கை குப்புராஜுடையது. சாம்பல் தொட்டு முறுக்கி, ஜென்மத்துக்கும் அவிழாத முடிச்சாகப் போட்டார். அருணாச்சலத்துக்கு மெய் சிலிர்த்தது.

ஐப்பசியில் ஒரு நடுப்பகலில் ஏரி உடைத்துக்கொண்டது. அருணாச்சலம் அலுவலகக் கோப்புகளை அணைத்தபடி படகில் தாவி ஏறினார். தண்ணீர் ஏறியது. படகு விதியை மீறவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது. தண்ணீர்தான் அத்துமீறி உள்ளே வந்தது.

மார்பளவு வந்தபோது, சாயம் காய்ச்சும் பெரிய அண்டாவில் மூங்கில் ஊன்றி வந்து சேர்ந்தார் குப்புராஜின் மனைவி தேவகி.

"கத்தரி கீதுங்க. கயித்த வெட்டிடட்டா?"

"ஐயோ, வேணாம்மா. சர்க்கார் கயிறு. மேலிடத்துல கேட்டுத்தான் வெட்டணும்."

"அப்ப ஜல்தியா கேளுங்க. கழுத்துக்கு வந்துகினு கீது."

"போன் தண்ணிக்குள்ள இருக்குதும்மா."

தேவகி எட்டிக் குனிந்தார். சட்டைக் காலரைப் பிடித்து அவரை அண்டாவுக்குள் இழுத்துப் போட்டார். அருணாச்சலத்துக்கு உயிர் மேல் திடீரென்று ஆசை வந்துவிட்டது. முப்பத்து மூன்று வருஷ சர்வீஸில் இப்படி ஒரு சுயநலமா என்று வெட்கமாகவும் இருந்தது.

ஓய்வு பெறும் நாளன்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது:

'படகு கட்டிய இடத்தை விட்டு இம்மியும் அசையாமல் நீருக்கடியில் பத்திரமாக உள்ளது. பாராட்டுகள். எனினும், அதன் பொறுப்பாளர் மட்டும் முன் அனுமதியின்றித் தனியார் அண்டாவில் வெளியேறி, இன்றுவரை உயிரோடு இருப்பதாகத் தெரியவருகிறது. ஏழு நாட்களுக்குள் காரணம் கூறவும்.'