சொந்தமில்லைன்னு ஒரு கையெழுத்து

"அண்ணா, நான் செத்தேன்!"

பல்லு தேய்ச்சுக்கிட்டிருந்த அண்ணன் வாய் நிறைய நுரையோட எட்டிப் பார்த்தான். "பரீட்சைலதான் பாஸ் பண்ணிட்டியே, இன்னும் என்ன சாவு?"

வக்கீலம்மா கையில இருந்த கடிதத்தை நீட்டினா. அந்த வீட்டுல அவளுக்குப் பேரே வக்கீலம்மாதான். புத்தகத்தைத் தொட்ட அன்னைக்கே அண்ணன் கிண்டலா வச்ச பேரு. ரெண்டு தடவை ஊத்திக்கிட்டு மூணாவது தடவை பாஸ் பண்ணதுல அந்தக் கிண்டல் பாதி நிஜமாயிருச்சு. மீதிப் பாதி வக்கீல் மன்றத்தோட கையில இருந்தது. அவங்க பேரைப் பதிஞ்சு சான்றிதழ் குடுத்தாதான் கறுப்புக் கோட்டு. இருபத்தி மூணு வக்கீல் ஆபீஸ் கையை விரிச்சதுக்கப்புறம் ஒரு சீனியரம்மா மட்டும் சொல்லியிருந்தாங்க: "வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சான்றிதழோட வா, உனக்கு ஒரு மேஜை இருக்கு. வரலைன்னா மேஜை அடுத்த ஆளுக்கு."

இன்னைக்குப் புதன். கடிதத்துல ரெண்டே வரி. ‘உங்கள் விண்ணப்பம் தொடர்பாக விளக்கம் தேவை. நாளை காலை பத்து மணிக்கு நேரில் வரவும்.’

"விளக்கம்தானே? போய் விளக்கிட்டு வா."

"எதைன்னு சொல்லலையே!" விண்ணப்பத்தோட நகலை எடுத்து ஒவ்வொரு கட்டமா விரலை ஓட்டினா. கடைசிப் பக்கத்துல விரல் அப்படியே நின்னுருச்சு.

நன்னடத்தைக்கு உத்தரவாதம் தர்ற ரெண்டு பேர். முதல் ஆள், பிழைக்க வந்த இந்த வேற்று பாஷை ஊர்ல, கீழே கடை வச்சிருக்கற தமிழ் ஜெராக்ஸ்காரர். உறவுமுறை, தாய்மாமன். ரெண்டாவது ஆள், அவருக்குப் பக்கத்துக் கடை டெய்லரம்மா. உறவுமுறை, சித்தி. அதுக்கும் கீழே எறும்பு சைஸ் எழுத்துல, ‘உறவினர்கள் உத்தரவாதம் தரக்கூடாது.’

"அடி மக்கு! அவங்க ரெண்டு பேரும் நமக்கு எந்த வழியில சொந்தம்?"

"எந்த வழியிலயும் இல்ல! வாய் நிறைய மாமா, சித்தின்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு கையும் அப்படியே எழுதிருச்சு. இப்ப விண்ணப்பத்துல பொய் எழுதினவன்னு ஆகிடும்ணா. பொய்க்காரிக்கு எவன் கறுப்புக் கோட்டு குடுப்பான்?"

"சொந்தமில்லைன்னு ரெண்டு பேர்கிட்டயும் எழுதி வாங்கிட்டா முடிஞ்சு போச்சு."

கேக்கறதுக்கு எவ்வளவு சுலபம்! அவ செருப்பைக்கூட மாட்டாம கீழே ஓடினா.

ஜெராக்ஸ் மாமா விஷயத்தைக் கேட்டாரு. மெஷினை நிறுத்தினாரு. கண்ணாடியைக் கழட்டினாரு.

"அதாவது நான் உனக்கு யாரும் இல்லைன்னு என் கையாலயே எழுதணும்."

"சும்மா ஒரு பேப்பருக்குதான் மாமா."

"மாமாவாம்! ரெண்டு வருஷமா ராவணன் தலை மாதிரி இவ்வளவு பெரிய சட்டப் புத்தகத்தைப் பக்கம் பக்கமா ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தது யாரு? ‘மூஞ்சிய உம்முனு வச்சா எவன் கேஸ் குடுப்பான்’னு உன்னைச் சிரிக்க வச்சு விண்ணப்பத்துக்கு போட்டோ எடுத்தது யாரு? ரோட்டுல போறவனா?"

"ஐயோ மாமா, வேலை போயிடும்!"

ரொம்ப நேரம் பேனாவைக் கடிச்சு, மூக்கை உறிஞ்சி, ஒருவழியா எழுதி நீட்டினாரு. அவ படிச்சுப் பார்த்தா. ‘இந்தப் பெண் எனக்கு எந்த வகையிலும் உறவு இல்லை என்று உறுதி கூறுகிறேன். இப்படிக்கு, அவளுடைய மாமா.’

அதுக்குள்ள சேதி தடுப்புச் சுவரைத் தாண்டிருச்சு. டெய்லர் சித்தி கழுத்துல அளவு டேப்பு தொங்க வந்து நின்னாங்க.

"என்னையும் வெட்டி விடப் போறியாமே?"

"சித்தி..."

"வேண்டாம்! பெரிய இடத்துக்குப் போறப்ப நீ போட்டுக்கணும்னு கோட்டுல பட்டன் தைச்சுக்கிட்டிருந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

கடிதாசியெல்லாம் இனி கதைக்கு ஆகாதுன்னு அவளுக்குப் புரிஞ்சு போச்சு. ரெண்டு பேரையும் நேர்லயே கூட்டிட்டுப் போய் ரெண்டு வார்த்தை பேச வச்சுட்டா? சட்டம் படிச்சவ, சாட்சியைத் தயார் பண்ணத் தெரியாதா? சித்தி கடைத் துணி மூட்டைங்க நடுவுல ஸ்டூலைப் போட்டு மாமாவை உட்கார வச்சா.

"இந்தப் பொண்ணு உங்களுக்கு யாரு?"

"மருமக."

"மாமா!"

"சரி சரி. யாரும் இல்ல."

"எத்தனை வருஷமா தெரியும்?"

"தெரியாது. பார்த்ததே இல்ல."

"பார்த்ததே இல்லைன்னா என் நன்னடத்தைக்கு எப்படி மாமா உத்தரவாதம் குடுப்பீங்க?"

"இப்படி மாத்தி மாத்திக் கேட்டா மனுஷன் என்னதான்மா சொல்றது?"

மறுநாள் காலைல மூணு பேரும் மன்றத்து வாசல்ல நின்னாங்க. உள்ளே ஒரு நீள மேஜை, இரும்பு பீரோ, அடுக்கடுக்கா ஃபைல். மேஜைக்குப் பின்னாடி மூக்குக்கண்ணாடி அதிகாரி. ஓரத்துல ஒரு குமாஸ்தா அவளோட ஃபைலை எடுத்துக்கிட்டு எழுந்தாரு.

"நீங்கதானே அது? ஒரு நிமிஷம்மா, உங்களைக் கூப்பிட்டது..."

"எனக்குத் தெரியும் சார்!" வக்கீலம்மா முந்திக்கிட்டா. "தப்புதான். ஆனா பொய் இல்ல. சாட்சியோட வந்திருக்கேன்."

அதிகாரி நிமிர்ந்தாரு. "சாட்சியா? எதுக்கு?"

அவ மூச்சு விடாம மொத்தக் கதையையும் கொட்டினா. குமாஸ்தா விரலைத் தூக்கினாரு. "ஐயா, இது வந்து..."

"இருங்க. சுவாரஸ்யமா இருக்கு," அதிகாரி நாற்காலியை முன்னாடி இழுத்துக்கிட்டாரு. "பெரியவரே, இவங்களை உங்களுக்குத் தெரியுமா?"

மாமா விறைப்பா நின்னாரு. "வாழ்க்கையில பார்த்ததே இல்லீங்க!" சொன்னவரோட தோள்ல அவ பை, கையில அவ தண்ணி பாட்டில், சட்டைப் பையில அவ பஸ் டிக்கெட்டு.

அதிகாரி சித்தி பக்கம் திரும்பினாரு. சித்திக்கு அந்த ஊர் பாஷையில தெரிஞ்சது எட்டே வார்த்தை, அதுல நாலு நூல் கலர். தமிழ்லயே பொரிஞ்சு தள்ளிட்டாங்க. "பெத்தாதான் பொண்ணாய்யா? காய்ச்சல்ல கிடந்தப்ப ராத்திரி பூரா யார் பக்கத்துல இருந்தா? இவ என் பொண்ணு. எங்க வேணா சொல்லுவேன்!"

"என்ன சொல்றாங்க?"

வக்கீலம்மாவுக்கு அந்த மேஜை கண்ணு முன்னாடி வந்து போச்சு. சீனியரம்மா சொன்ன மேஜை. ‘யாரும் இல்லைன்னு சொல்றாங்க’ன்னு ஒரே ஒரு வரி சொன்னா போதும். அங்க மாமாவை விட்டா தமிழ் தெரிஞ்சவங்க வேற யாரு?

அதிகாரியை நேராப் பார்த்தா.

"நான் அவங்க பொண்ணுன்னு சொல்றாங்க சார். எங்க வேணா சொல்லுவேன்னும் சொல்றாங்க."

மாமா தலையில கையை வச்சுக்கிட்டாரு.

அவ நிமிர்ந்து நின்னா. மாமா தோள்ல இருந்த பையைத் திறந்து காகிதங்களை எடுத்து மேஜையில வச்சா. "சார், இது எங்கம்மா பிறப்புச் சான்றிதழ். இது இவங்க ரெண்டு பேரோட அடையாள அட்டை. அப்பா பேரு மூணும் மூணு. எங்க பாஷையில பெரியவங்களைப் பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டோம், முறை வச்சுதான் கூப்பிடுவோம். கூப்பிட்டுக் கூப்பிட்டு அது நிஜமாவே ஆகிடும். ரத்தத்தைக் கேட்டா, இவங்க எனக்கு யாரும் இல்ல. வேற எதைக் கேட்டாலும் என்னால அப்படிச் சொல்ல முடியாது. இதுக்காக என் பேரைப் பதிய மாட்டீங்கன்னா, சரி சார்."

சித்திக்கு ஒரு வார்த்தைகூடப் புரியலைன்னாலும் கைதட்டிட்டாங்க.

அதிகாரி காகிதங்களைப் பார்த்தாரு. கண்ணாடியைத் துடைச்சாரு. "பதினெட்டு வருஷமா இந்த நாற்காலில இருக்கேன். சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வந்து யாரோன்னு சாதிச்சவங்க ஏராளம். யாரோ ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்து, சொந்தமில்லைன்னு சொல்ல வைக்க முடியாம திண்டாடுறவங்களை இன்னைக்குதான் பார்க்கறேன். உங்களுக்கு எதிரான வார்த்தையை நீங்களே மொழிபெயர்த்தீங்களே, அதுக்கு மேல என்ன நன்னடத்தை வேணும்?" ‘உறவுமுறை’ கட்டத்துல ரெண்டையும் அடிச்சு ‘அயலார்’னு எழுதி, பக்கத்துலயே கையெழுத்தும் போட்டாரு. "நாளைக்குக் காலைல சான்றிதழை வாங்கிக்குங்க, வக்கீலம்மா."

முதல் வழக்கு! அதுவும் சொந்த வழக்கு! சித்தி அவளைக் கட்டிப் பிடிச்சதுல கோட்டு பட்டன் ஒண்ணு தெறிச்சு ஓடுச்சு. மாமா அதிகாரியோட கையைப் பிடிச்சுக் குலுக்கிக்கிட்டே இருந்தாரு. "நம்ம மருமகங்க! நான் அப்பவே சொன்னேன்!" வக்கீலம்மாவுக்குச் சிரிப்பை அடக்கவே முடியல. வாய் காது வரைக்கும் போய் அங்கேயே நின்னுருச்சு.

குமாஸ்தா மெதுவா ஃபைலோட கிட்ட வந்தாரு.

"எல்லாம் சந்தோஷம்மா. ஆனா நாங்க கூப்பிட்டது இதுக்கில்ல. போட்டோல சிரிச்சிருக்கீங்க, இங்க சிரிக்காத போட்டோதான் செல்லும். எங்க, கொஞ்சம் உம்முனு நில்லுங்க பார்ப்போம்."